இரண்டு ஐபி கொடுத்தால் பிரிந்துவிடுமா? சேர்வர் கேள்வி-பதில்

உவர்மலை வாசகர்: லினக்ஸ் சேர்வரின் ஒரே நெட்வேர்க் கார்டுக்கு இரண்டு ஐபி கொடுத்து, பில் போடும் புரோகிராமை ஒன்றிலும் பக்கப்பை மற்றதிலும் விட நினைத்தேன். பக்கப்பும் முதலாவது ஐபியிலிருந்தே வெளியே போகிறதே?

போகத்தான் செய்யும். இரண்டு ஐபி இருந்தாலும் ரூட்டிங் டேபிள் (எது எந்தப் பாதையால் போக வேண்டும் என்ற பட்டியல்) வழக்கமாக ஒன்றுதான். புரோகிராம் தானாக ஒரு முகவரியைப் பிடிக்காவிட்டால், போகிற பாதையைப் பார்த்து கெர்னலே (லினக்ஸின் மையப் பகுதி) ஒன்றைத் தெரிவுசெய்யும். ஆகவே பாதையையே பிரிக்க வேண்டும். அதற்கு நெட்வேர்க் நேம்ஸ்பேஸ், அதாவது சேர்வருக்குள்ளேயே பிரித்துவைத்த தனி நெட்வேர்க், இருக்கிறது. ஒவ்வொரு நேம்ஸ்பேஸுக்கும் தனி இன்டர்ஃபேஸ், தனி ரூட்டிங், தனி ஃபயர்வோல்.

பக்கப்புக்கு ஒரு நேம்ஸ்பேஸ் உருவாக்குங்கள். அதை வெளியோடு இணைக்க வீத் (கற்பனைக் கேபிள் போன்ற இன்டர்ஃபேஸ்) வேண்டும். அது எப்போதும் சோடியாகத்தான் பிறக்கும். ஒரு முனையை உள்ளே தள்ளி 10.20.0.2 கொடுங்கள், வெளி முனைக்கு 10.20.0.1. உள்ளே டிஃபோல்ட் ரூட் (வழமையான பாதை) வெளி முனையைக் காட்டட்டும். சேர்வரில் ஐபி ஃபோர்வேர்டிங்கை (பக்கெட்டுகளைக் கடத்திவிடும் வசதி) ஒன் பண்ணுங்கள். அப்புறம் பலரும் மாஸ்கரேட் விதி (அனுப்புநர் முகவரியைத் தானாக மாற்றுவது) போட்டு முடித்துவிடுவார்கள். அப்படிச் செய்தால் மறுபடி முதலாவது ஐபிதான் வெளியே தெரியும்! இரண்டாவது ஐபியைக் குறித்து எஸ்நாட் விதி (அனுப்புநர் முகவரியை நீங்கள் சொல்வதாக மாற்றுவது) எழுதுங்கள்.

பக்கப்பை ரூட்டாக (முழு அதிகாரமுள்ள பயனராக) ஓடவிடாதீர்கள். ரூட் நினைத்தால் நேம்ஸ்பேஸை விட்டு வெளியே வந்துவிடும்.

கிண்ணியா வாசகர்: நேம்ஸ்பேஸுக்குள் போட்டதும் 127.0.0.1 இல் இருந்த டேட்டாபேஸ் கிடைக்கவில்லை. டிஎன்எஸும் (பெயரை ஐபியாக மாற்றுவது) வேலை செய்யவில்லை.

உள்ளே இருக்கும் 127.0.0.1 வேறு, சேர்வரின் 127.0.0.1 வேறு. போதாததற்கு, புது நேம்ஸ்பேஸில் லூப்பேக் (தன்னோடு தானே பேசும் 127.0.0.1 இன்டர்ஃபேஸ்) டவுனாகவே பிறக்கும். அதை அப் செய்தாலும் சேர்வரின் டேட்டாபேஸ் வராது. டேட்டாபேஸின் சொக்கெட் ஃபைல் (ஒரே சேர்வரில் புரோகிராம்கள் பேசிக்கொள்ளும் யுனிக்ஸ் சொக்கெட்) வழியாக இணையுங்கள். ஃபைல் பாதையில் உள்ள யுனிக்ஸ் சொக்கெட்டை நேம்ஸ்பேஸ் மறிக்காது. உங்களுக்கு அது வசதி. முழுதாகப் பூட்டிவிட்டோம் என்று நம்புகிறவருக்கு அதுவே ஓட்டை.

டிஎன்எஸ் சிக்கலும் பெரும்பாலும் இதேதான்: ரிசோல்வ் ஃபைல் (டிஎன்எஸ் சேர்வரின் முகவரியைச் சொல்வது) சேர்வருக்குள்ளேயே உள்ள 127.0.0.53 ஐக் காட்டிக்கொண்டிருக்கும். ஈடிசி அடைவில் நெட்என்எஸ் என்ற அடைவு, அதற்குள் உங்கள் நேம்ஸ்பேஸ் பெயரில் இன்னொன்று என்று அமைத்து, அங்கே தனி ரிசோல்வ் ஃபைல் வையுங்கள். நேம்ஸ்பேஸுக்குள் புரோகிராமை ஐபி நெட்என்எஸ் எக்ஸெக் கட்டளையால் தொடங்கினால் அதை எடுத்துக்கொள்ளும். சிஸ்டம்டி (லினக்ஸில் சேவைகளைத் தொடங்கும் புரோகிராம்) நேரடியாகத் தொடங்கினால் எடுக்காது. அந்த ஃபைலை அதன் யூனிட் ஃபைலில் தனியாக பைண்ட் செய்ய வேண்டும்.

நிலாவெளி வாசகர்: விடுதியில் பழைய லெப்டொப்பை வைஃபையில் சேர்வராக வைத்திருக்கிறேன். மாக்விலான் (ஒரே கார்டின் மேல் இன்னொரு இன்டர்ஃபேஸ்) போட்டால் ஒன்றுமே வரவில்லை.

வராது. மாக்விலான் புது மாக் முகவரியோடு (கார்டின் அடையாள எண்) பேசும். இணைந்த மாக்கைத் தவிர வேறொன்றை வைஃபை ரவுட்டர் ஏற்காது. அதேபோன்ற ஐபிவிலான் ஒரே மாக்கைப் பகிர்வதால் சரிவரும், ஐபியை மட்டும் கையால் கொடுங்கள். கேபிள் இழுக்க முடிந்தால் இழுத்துவிடுங்கள், அதுதான் நிம்மதி.

மூதூர் வாசகர்: விபிஎன் அறுந்தால் அந்த ஒரு புரோகிராம் சாதாரண இணைப்பில் நழுவிவிடாமல் தடுப்பது எப்படி?

வயர்கார்ட் (ஒரு விபிஎன்) இன்டர்ஃபேஸை சேர்வரிலேயே உருவாக்கி, பிறகு நேம்ஸ்பேஸுக்குள் நகர்த்துங்கள். என்கிரிப்ட் ஆன பக்கெட்டுகள் அது பிறந்த இடமான சேர்வர் வழியாகவே போகும். உள்ளே இருக்கும் புரோகிராமுக்கு அந்தச் சுரங்கத்தைத் தவிர வேறு வாசல் கிடையாது. அறுந்தால் அறுந்ததுதான், ஃபயர்வோல் விதியே தேவையில்லை. ஆசைப்பட்டு அதே நேம்ஸ்பேஸில் வீத்தும் போட்டுவிடாதீர்கள்.

தம்பலகாமம் வாசகர்: லினக்ஸுக்குப் பதில் ஃப்ரீபிஎஸ்டியில் இப்படிப் பிரிப்பது எப்படி?

விநெட் ஜெயிலும் (தனி நெட்வேர்க் கொண்ட அடைப்பு) ஈபெயரும் (அங்கத்தைய வீத் சோடி). 12.0 முதல் கெர்னலைத் திரும்பக் கட்டத் தேவையில்லை.