மைத்துனரின் லாரியும் மாதத் தவணையும்

கேள்வி: மாட்டுப் பண்ணையில் கடன் வாங்கி பயோகேஸ் கலன் கட்டினேன். தினமும் 900 கிலோ சாணம் போடுகிறோம். மைத்துனர் தன் லாரியில் 600 கிலோ உணவுக் கழிவு கொண்டுவருகிறார்; நடைக்கு இவ்வளவு என்று வாடகை. வாயுவில் ஜெனரேட்டர் ஓட்டுகிறேன். வரவு 100 என்றால் செலவு 115. அதில் தவணை 40, லாரி வாடகை 45, கழிவு பிரிக்கும் கூலியும் இன்ஜின் ரிப்பேரும் 15, மற்றவை 15. பற்றாக்குறைக்கு மாதாமாதம் கைமாற்று வாங்குகிறேன். இப்போது மைத்துனர், இன்னொரு கடன் வாங்கி வாயுவைச் சிலிண்டரில் அடைத்து விற்கலாம் என்கிறார். செய்யலாமா? சாணம் மட்டும் போட்டால் 36 கன மீட்டர் வாயு, கழிவும் சேர்த்தால் 80.

பதில்: வேண்டாம். கைமாற்றையும் இன்றோடு நிறுத்துங்கள். அந்தப் பணம் கலனுக்குப் போகவில்லை, லாரிக்குப் போகிறது.

25 கிலோ சாணத்துக்கு ஒரு கன மீட்டர் என்பது பொதுக் கணக்கு. உங்கள் 36 சரியாகவே இருக்கிறது. உணவுக் கழிவு 600 கிலோவுக்கு 60 கன மீட்டராவது வர வேண்டும். உங்களுக்கு வருவது 44. நல்ல கழிவிலேயே முக்கால் பங்கு தண்ணீர்தான். உங்களுக்கு வருவதில் அதற்கும் மேல் இருக்கிறது. நடைக் கணக்கில் கூலி கொடுத்தால் தண்ணீருக்கும் சேர்த்துத்தான் கொடுக்கிறீர்கள்.

சரி, அந்த 44 என்ன சம்பாதிக்கிறது? வரவில் ஏறக்குறைய 55. அதற்கான செலவு, வாடகை 45, கூலியும் ரிப்பேரும் 15, ஆக 60. கழிவு வரும் ஒவ்வொரு மாதமும் 5 நஷ்டம். கழிவைக் கொட்டுகிறவர்தான் அதை அகற்றக் காசு தர வேண்டும். மைத்துனர் அவர்களிடம் கூலி வாங்கிக்கொள்ளட்டும். நீங்கள் எடை போட்டு, பிரித்த கழிவுக்கு மட்டும் ஏதாவது கொடுங்கள். அவருக்குச் சம்மதம் இல்லையென்றால் சாணமே போதும். உறவு முறியுமே என்று பயப்படுகிறீர்கள், புரிகிறது. ஆனால் கடன் வாங்கி வாடகை கொடுப்பதைத் தொடர்ந்தால் பண்ணையே கைவிட்டுப் போகும்.

கழிவை நிறுத்தினால் வரவு 45, செலவு 55. இன்னும் 10 இடிக்கிறது. அதற்கு ஜெனரேட்டரைப் பாருங்கள். ஒரு கன மீட்டர் வாயுவில் ஏறக்குறைய 6 யூனிட் வெப்பம் இருக்கிறது. மின்சாரமாக மாற்றினால் 2 யூனிட்டுக்குள்தான் கிடைக்கும். அதையே அடுப்பில் எரித்தால் அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவான எல்பிஜி மிச்சம். 36 கன மீட்டருக்கு நாளொன்றுக்கு 16 கிலோ! வெந்நீருக்கோ பால் காய்ச்சவோ விலைக்கு எரிபொருள் வாங்குகிறீர்களா? முதலில் அங்கே குழாய் இழுங்கள். வாயுவில் கலந்திருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு இன்ஜினை அரிக்கும் செலவும் குறையும்.

சிலிண்டர் யோசனை இப்போது எல்லோர் வாயிலும் இருக்கிறது. வாயுவில் எரிகிற பகுதியான மீத்தேன் 60 சதவீதம்தான்; அதை 90க்கு மேல் ஏற்றி, 200 பார் அழுத்தத்துக்குக் கொண்டுபோக வேண்டும். உங்கள் 80 கன மீட்டரும் முழுதாகக் கிடைத்தாலும் நாளொன்றுக்கு முப்பது கிலோ சொச்சம்தான் தேறும். கலன் சிறியது என்பதற்காக கம்ப்ரஸரின் விலை அந்த அளவுக்குக் குறையாது. இதற்கு ஒரு கடனா?

அப்புறம், கழிவை ஒரே நாளில் நிறுத்தாமல் சில வாரங்களில் படிப்படியாகக் குறையுங்கள். உள்ளே இருக்கும் நுண்ணுயிர்கள் திடீர் மாற்றத்தைத் தாங்காது. அதற்குள் வங்கியில் தவணைக் காலத்தை நீட்டிக்கக் கேளுங்கள். மொத்த வட்டி கூடும், தெரிந்தேதான் சொல்கிறேன். கைமாற்று வட்டியோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.