கம்பியும் கட்டையும்

சென்ற மாத இதழில் என் கிட்டாரைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தேன். மலையடிவாரத்து ஊர் ஒன்றில் தனியாளாகப் பட்டறை வைத்திருந்த தச்சர் கையால் செய்து கொடுத்தது, 14 மாதம் காத்திருந்து 2003இல் வாங்கியது. அவ்வளவுதான் எழுதினேன். கடிதங்கள் குவிந்துவிட்டன. பாதிப் பேர் கேட்டது தச்சரின் விலாசம். மன்னிக்கவும், தர முடியாது. வயது எழுபதைத் தாண்டிவிட்டது, புது வேலை எடுப்பதில்லை, செல்பேசியையும் பேத்தியிடம் கொடுத்துவிட்டார். மற்ற கேள்விகளில் சில இங்கே.

கடையில் 8,000 ரூபாய்க்கே கிட்டார் கிடைக்கிறது. கையால் செய்ததில் உண்மையிலேயே வித்தியாசம் உண்டா, இல்லை வெறும் பெருமையா?
– கல்லூரி ஆசிரியை, திண்டுக்கல்

இரண்டும் உண்டு. பெருமை இல்லை என்றால் பொய். வங்கியில் எழுத்தராக இருந்தபோது மூன்று மாதச் சம்பளத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பெருமைப்படாமல் எப்படி?

வித்தியாசம் முன்பலகையில் இருக்கிறது. ஆறு எஃகுக் கம்பிகளையும் முறுக்கிச் சுருதி சேர்த்தால் எழுபது கிலோவுக்குக் குறையாத இழுப்பு. ஓர் ஆள் ராத்திரி பகலாகத் தொங்கிக்கொண்டிருப்பது மாதிரி. அதைத் தாங்குவது மூன்று மில்லிமீட்டர்கூட வராத ஸ்புரூஸ் மரத்துப் பலகையும் அதன் உள்பக்கம் ஒட்டிய சில குச்சிகளும்தான். கனமாக விட்டால் உடையாது, ஆனால் பாடாது. மெல்லிசாக இழைத்தால் பாடும், சில வருடத்தில் வயிறு உப்பிப் போகும். தொழிற்சாலையில் எந்த மரம் வந்தாலும் ஒரே கனம், அதுவும் கொஞ்சம் கூடுதலாகவே. உத்தரவாதக் காலத்துக்குள் உடைந்து திரும்பி வரக் கூடாதே.

தச்சர் பலகையின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துக் காதருகே தூக்கி, மறு கையின் விரல் கணுவால் தட்டுவார். இழைப்புளியால் நாலு இழுப்பு, மறுபடி தட்டல். முதலில் 'டொக்' என்றது, ஒரு மணி நேரம் கழித்து 'டங்ங்' என்று கார்வையோடு நின்றது. அங்கே நிறுத்திவிட்டார். அளவு கருவியை அப்புறம்தான் எடுத்தார்: நடுவில் 2.7, ஓரத்தில் 2.4. நான் ஆசைப்பட்டுத் தேர்ந்தெடுத்த, வரி வரியாக அழகாயிருந்த இன்னொரு பலகையைத் தட்டிப் பார்த்துவிட்டு விறகுப் பக்கம் சாய்த்து வைத்தார். "போட்டோ எடுக்க நல்லா இருக்கும் சார்" என்றார்.

அதற்காகக் கைவேலை என்றாலே உசத்தி என்று நினைக்காதீர்கள். விரல்பலகையில் குறுக்கே ஃபிரெட் என்ற உலோகப் பட்டிகளைப் பதிக்கும் காடிகளைக் கம்ப்யூட்டர் இயந்திரம் அறுக்கும் துல்லியத்தில் எல்லாக் கையும் அறுக்காது. 2010இல் வேறொருவரிடம் ஆசைப்பட்டு இன்னொன்று வாங்கினேன். பார்க்க ராஜா மாதிரி இருக்கும், ஏழாவது ஃபிரெட்டைத் தாண்டினால் சுருதி ஓடும். இப்போது பரண்மேல் இருக்கிறது. வாங்கும் முன் பன்னிரண்டாவது ஃபிரெட்டில் அழுத்தி மீட்டுங்கள். அதே இடத்தில் கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டி, ஹார்மானிக் என்ற மெல்லிய மேல் ஒலியை எடுத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே சுருதியில் சேராவிட்டால், காப்பி கொடுத்தாலும் குடிக்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.

எங்கள் வீட்டு முற்றத்து ஈட்டி மரத்தில் ஒரு கிளையை வெட்டவே அனுமதி வாங்க வேண்டியிருந்தது. இதே ஈட்டியில் உலகமெங்கும் கிட்டார் செய்கிறார்களாமே?
– தேயிலைத் தோட்ட ஊழியர், கூடலூர்

ஆமாம். நம் மலைகளில் வளரும் ஈட்டியைத் தோதகத்தி என்றும் சொல்வார்கள், வெளிநாட்டில் 'இந்தியன் ரோஸ்வுட்'. ஒரு காலத்தில் அமெரிக்கக் கிட்டார் நிறுவனங்கள் பிரேசில் ரோஸ்வுட்டைத்தான் பயன்படுத்தின. அது கிடைப்பது சிரமமானதும் மார்ட்டின் நிறுவனம் 1969இல் நம் ஈட்டிக்கு மாறியது. 1992இல், அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தம் பிரேசில் மரத்தின் வணிகத்துக்கு அநேகமாகக் கதவையே சாத்திவிட்டது. 2017 ஜனவரியில் ஈட்டி உட்பட அந்தக் குடும்பத்து மரங்கள் எல்லாமே கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்ந்தன. கிட்டாரோடு விமானம் ஏறி வெளிநாட்டுக் கச்சேரிக்குப் போகிறவர்கள் காகிதங்களை நினைத்துப் பயந்த காலம் அது. 2019 கடைசியில், செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்குக் கொடுத்தார்கள். பிரேசில் மரத்துக்கு மட்டும் அந்தச் சலுகை இல்லை.

என் கிட்டாருக்கு எந்த மரத்தையும் வெட்டவில்லை. பாட்டியின் ஈட்டிக் கட்டில் ஒன்று மாட்டுக்கொட்டகையில் கால் ஒடிந்து கிடந்தது. அதன் தலைப்பலகையை நான்தான் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போனேன். கண்டக்டர் அதற்கும் ஒரு டிக்கெட் கிழித்தார். தச்சர் அதைக் கனத்தில் இரண்டு ஏடாகப் பிளந்து, புத்தகம் விரித்த மாதிரி பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒட்டினார். பழைய ஆணி ஓட்டை ஒன்று இருந்ததால் அதுவும் இரண்டாகி, பின்பலகையில் இப்போது ஒரு ஜோடிக் கண்கள். "அடைத்துவிடட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். பக்கப்பலகைகளை நனைத்துச் சூடான இரும்புக் குழாயில் வைத்து வளைத்தபோது வந்த வாசனைக்குத்தான் ரோஸ்வுட் என்ற பெயர் என்று அன்று புரிந்தது. கட்டிலில் அறுபது வருடம் படுத்தவர்களுக்கு அந்த வாசனை தெரிந்திருக்காது.

ஆனால் உங்கள் ஈட்டி மனசு கோணாமல் ஒன்று சொல்கிறேன். பின்பலகைக்கும் பக்கத்துக்கும் எந்த மரம் என்பது, விற்பவர்கள் சொல்லும் அளவுக்கு முக்கியமில்லை. ஸ்பெயினில் டோரஸ் என்ற மேதை 1862இல் பின்பக்கத்தையும் பக்கங்களையும் காகிதக் கூழ் அட்டையால் செய்து, நல்ல மர முன்பலகை பொருத்தி ஒரு கிட்டார் செய்தார். அது இன்னும் பார்சிலோனா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பாடுவது முன்பலகைதான் என்று காட்டச் செய்தது. இங்கிலாந்தில் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தினர் பின்பலகையும் பக்கமும் மட்டும் வேறு வேறு மரத்திலான ஆறு கிட்டார்களை 52 பேரிடம் கொடுத்து, எந்த மரம் என்று பார்க்க முடியாதபடி கண்ணை மறைத்து வாசிக்கச் சொன்னார்கள். 2018இல் முடிவு வெளியானது. விலை உயர்ந்த மரத்துக்குத் தனி மதிப்பெண் ஒன்றும் விழவில்லை. என் கட்டில் பலகைக்காக நான் பஸ்ஸில் பட்ட பாட்டை அந்த ஆய்வாளர்களிடம் சொல்ல வேண்டும்.

மழைக்காலத்தில் என் கிட்டாரில் கம்பிகள் உயரமாகிவிடுகின்றன, விரல் வலிக்கிறது. ஏ.சி. அறையில் வைத்தால் கரகரவென்று இரைகிறது. கிட்டாரில் கோளாறா?
– மென்பொருள் ஊழியர், சென்னை

கோளாறு உங்கள் ஏ.சி.யிலும் சென்னையின் காற்றிலும். மரத்தை அறுத்து இழைத்து மெருகு போட்டாலும் அது காற்றிலிருந்து ஈரம் குடிப்பதை நிறுத்தாது. ஈரம் ஏறினால் முன்பலகை ஊதி, கம்பிகளின் அடிமுனையைத் தாங்கும் பிரிட்ஜைத் தூக்கும், கம்பி உயரும். காய்ந்தால் பலகை உள்வாங்கும், கம்பி தாழ்ந்து ஃபிரெட்டில் உரசி இரையும். ரொம்பக் காய்ந்தால் விரல்பலகை சுருங்கி ஃபிரெட்டின் நுனிகள் வெளியே நீட்டிக்கொண்டு உள்ளங்கையைக் கீறும். அதற்கும் அடுத்த கட்டம் விரிசல்.

காற்றின் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் வரை இருந்தால் கிட்டாருக்குச் சுகம். ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி சில நூறு ரூபாய்தான், வாங்கிக் கிட்டார் பெட்டிக்குள் போடுங்கள். ஐப்பசி கார்த்திகையில் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம். ராத்திரி முழுக்க ஏ.சி. ஓடும் அறை என்றால் கிட்டார் பெட்டிக்குள்தான் தூங்க வேண்டும், சுவரில் மாட்டி அழகு பார்க்கக் கூடாது. எல்லாம் செய்தும் கம்பி உயரம் ஏறி இறங்கினால், மழைக்கு ஒன்று வெயிலுக்கு ஒன்று என்று இரண்டு சாடில் வைத்துக்கொள்ளலாம். பிரிட்ஜில் கம்பிகளுக்கு அடியில் நிற்கும், எலும்பில் செய்த சின்னத் துண்டுதான், ஒன்று மற்றதைவிட அரை மில்லிமீட்டர் உசரம். என்னிடம் இரண்டு உண்டு, தீப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன்.

வெயிலில் காருக்குள் கிட்டாரை விட்ட என் கதையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கிட்டாருக்கு முன்னால் என்னிடம் தொழிற்சாலைக் கிட்டார் ஒன்று இருந்தது. 2002 மே மாதம், அவிநாசி சாலையில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு வெளியே காரில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். பந்தி நீண்டுவிட்டது. திரும்பி வந்தால் பிரிட்ஜ் பெயர்ந்து நிற்கிறது. வெள்ளைப் பசை சூட்டில் இளகிவிடும் என்று எனக்குத் தெரியாது. அதை ஒட்டப் போன இடத்தில்தான் தச்சரைப் பார்த்தேன். அவர் பழைய வழக்கப்படி, விலங்குத் தோலிலிருந்து எடுக்கும் வஜ்ஜிரப் பசையைக் காய்ச்சி ஒட்டினார். காய்ந்த வஜ்ஜிரம் வெறும் சூட்டுக்கு அசையாது, சூடும் ஈரமும் சேர்ந்தால்தான் விடும். அதனால் பின்னால் பிரித்துச் சரி செய்யவும் தோது. சரி, அந்தப் பந்தியில் பாயசம் மட்டும் நன்றாக இருந்தது.

சுட்டுவிரலால் பல கம்பிகளைச் சேர்த்து அழுத்தும் எஃப் கார்ட் எனக்கு வரவே மாட்டேன் என்கிறது. கையால் செய்த கிட்டார் வாங்கினால் வருமா?
– ஒன்பதாம் வகுப்பு மாணவன், நாகர்கோவில் (கோயில் பாடகர் குழுவில் வாசிக்கிறேன்)

வராது தம்பி. அப்பாவிடம் பணம் கேட்காதே. முதல் ஃபிரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பிகளையும் அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டுவிட்டு, அதே எஃப் பிடியை ஒரு ஃபிரெட் மேலே பிடித்துப் பார். சட்டென்று சுலபமாக இருந்தால், உன் விரலில் குறையில்லை, கழுத்தின் மேல்முனையில் இருக்கும் நட் என்ற துண்டில் கம்பி உட்காரும் பள்ளங்கள் ஆழம் போதவில்லை. விலை மலிவான கிட்டார்களில் பெரும்பாலும் இதுதான் நோய். பழுது பார்ப்பவரிடம் கொடுத்தால் சின்ன அரத்தால் கொஞ்ச நேரத்தில் சரி செய்துவிடுவார். நீயே அரத்தை எடுக்காதே, அதிகமாக இறங்கினால் புது நட் போட வேண்டும். கேப்போ போட்டும் கஷ்டமாக இருந்தால், இரண்டு மாதம் வாசி.

நான் வீணை வாசிப்பவள். பேத்தி கிட்டாரில் வாசிக்கும்போது காந்தாரம் ('க' சுரம்) உறுத்துகிறது. அவளுக்குக் கேட்கவில்லை. என் காதுதான் தப்பா?
– வாசகி, தஞ்சாவூர்

உங்கள் காதுக்கு ஒரு கும்பிடு அம்மா. தப்பு கிட்டாரில், ஆனால் அது தெரிந்தே செய்த தப்பு.

உங்கள் வீணையின் ஃபிரெட்டுகளான 24 மெட்டுகளும் மெழுகும் கரித்தூளும் கலந்த படுகையில் உட்கார்ந்திருக்கின்றன. மேளம் கட்டுகிறவர், அதாவது மெட்டுகளை அமைப்பவர், காதால் கேட்டுக் கேட்டு ஒவ்வொன்றையும் அதன் இடத்தில் நிறுத்துகிறார். கிட்டாரில் ஃபிரெட்டை மரத்தில் அடித்துவிட்டால் அடித்ததுதான். இடம் காதால் வருவதில்லை, கணக்கால் வருகிறது. ஸ்தாயியை, அதாவது ஒரு 'ச'விலிருந்து அடுத்த 'ச' வரை, பன்னிரண்டு சம பங்காகப் பிரிக்க வேண்டும், அதற்கு மீதமுள்ள கம்பி நீளத்தை ஒவ்வொரு முறையும் 17.817ஆல் வகுத்து, அந்தத் தூரம் தள்ளி அடுத்த ஃபிரெட்டை வைக்க வேண்டும். என் கிட்டாரில் கம்பி நீளம் 645 மி.மீ., ஆகவே முதல் ஃபிரெட் 36.2 மி.மீ. தள்ளி. தச்சர் இந்த அளவுகளை ஒரு பித்தளைப் பட்டையில் கீறி வைத்திருந்தார்.

சமமாகப் பிரித்ததில் பஞ்சமம் ('ப') அநேகமாகத் தப்பித்தது, அந்தர காந்தாரம் (உயர்ந்த 'க') மாட்டிக்கொண்டது. தம்பூராவில் தானாக எழும் காந்தாரத்தைவிட கிட்டார் காந்தாரம் ஏறக்குறைய அரைச் சுரத்தில் ஏழில் ஒரு பங்கு கூடுதல். பதிலுக்கு, எந்தச் சுரத்தை ஆதாரமாக வைத்தாலும் ஒரே அளவு குறையோடு வாசித்துவிட்டுப் போகலாம். ஜி சுரத்தை ஆதாரமாக வைத்து ஜி மேஜரில் மட்டும் வாசிக்கும் நாளில் நான், அதற்குக் காந்தாரமான பி கம்பியை ஒரு மயிரிழை இறக்கிவிடுவேன், தேன் மாதிரி சேரும். நடுவில் ஈ மேஜர் வந்தால், அங்கே பஞ்சமமாகிவிடும் அதே கம்பி மானத்தை வாங்கும். பேத்தியை ஒரு நாள் தம்பூராவோடு உட்கார வைத்து அந்த ஒற்றைக் காந்தாரத்தை மட்டும் மீட்டச் சொல்லுங்கள். கேட்கத் தொடங்கிவிடும். அப்புறம் உங்களைப் போல அவளும் அவஸ்தைப்படுவாள், அது உங்கள் பொறுப்பு.

விலை உயர்ந்த கைவேலைக் கிட்டார் வாங்கிவிட்டேன். கீறல் விழுமோ என்று எடுக்கவே பயமாக இருக்கிறது.
– வாசகர், சிங்கப்பூர்

முதல் கீறலை யாராவது போட்டுத் தரும் வரை அப்படித்தான். எனக்கு என் தங்கை மகள் வளையலால் போட்டுத் தந்தாள், மூன்றாவது வாரம். உங்களுடையதில் அரக்கு மெருகு என்றால் வியர்வையும் சாராய வகைத் திரவங்களும் ஆகாது, கொசு மருந்து தடவிய கையும் ஆகாது. வாசித்து முடித்ததும் பழைய வேட்டித் துணியால் துடையுங்கள். அவ்வளவுதான் பராமரிப்பு. அரக்கு மெருகு கீறினால் மேலேயே மறுபடி பூசிக்கொள்ளலாம், அதுதான் அதன் நல்ல குணம்.

உங்கள் கிட்டாருக்குப் பெயர் வைத்திருக்கிறீர்களா?
– வாசகர், ஈரோடு

நான் வைக்கவில்லை. சாயங்காலம் மழை இருட்டிக்கொண்டு வந்தால் சமையலறையிலிருந்து குரல் வரும்: "அந்தக் கட்டிலை எடுத்துப் பெட்டிக்குள்ள வைங்க."