பார்வை தெளிவாக இருக்கும்போதே: கண் நலக் கேள்வி-பதில்

கேள்வி: எனக்கு வயது 52. எட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறேன். வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்டால் செய்தித்தாளைத் தெளிவாகப் படிக்க முடிகிறது. அப்படியிருக்க, விழித்திரைப் பரிசோதனை அவசியம்தானா? - வாசகர், திண்டுக்கல்

பதில்: அவசியம்தான். குறை எதுவும் தெரியாத இந்த நேரத்தில் செய்துகொண்டால்தான் அதன் பயன் மிகுதி. இரத்தத்தில் சர்க்கரை பல ஆண்டுகள் மிகுந்திருக்கும்போது விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் நலிந்து, ஆங்காங்கே புடைத்து, நீரும் கொழுப்பும் கசியத் தொடங்குகின்றன. இரத்த ஓட்டம் குறைந்த இடங்களில் பின்னர் புதிய குழாய்கள் முளைக்கின்றன. வலுவற்ற இவை எளிதில் உடைந்து கண்ணுக்குள் இரத்தம் கசியும். பார்வையின் கூர்மைக்குக் காரணமான நடுப்பகுதியை இந்தப் பாதிப்பு எட்டாத வரை, நோய் முற்றிய நிலையிலும் ஒருவர் எழுத்துப் பலகையின் கடைசி வரியைப் படித்துவிடக்கூடும். வலியும் இருக்காது. கண்ணாடிக் கடையில் செய்யும் பார்வைச் சோதனையில் இது தெரியாமல் போவதற்குக் காரணம் இதுவே.

உங்களுக்கு வந்திருப்பது போன்ற இரண்டாம் வகைச் சர்க்கரை நோயில், நோய் தெரியவந்த உடனேயே விழித்திரையைப் பார்த்துவிட்டு, அதன்பின் ஆண்டுக்கு ஒரு முறையாவது பார்க்க வேண்டும். சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரித்துப் பார்ப்பதால் சில மணி நேரம் கண் கூசும், அருகில் உள்ள எழுத்து மங்கும். ஆகவே வண்டி ஓட்டிச் செல்லாமல் துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பலருக்குச் சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருகிறது; நல்ல ஏற்பாடு. ஆனால், மாத்திரை தவறாமல் கிடைக்கிறது என்ற நிம்மதியில் கண் பரிசோதனையை மறந்துவிடக் கூடாது. உரிய காலத்தில் லேசர் சிகிச்சையோ கண்ணுக்குள் போடும் ஊசியோ பெற்றால் பெரும்பாலோரின் பார்வையைக் காக்க முடியும்.

கேள்வி: அம்மாவுக்குக் கண்புரை. 'முற்றட்டும், பிறகு அறுவை செய்யலாம்' என்று உறவினர்கள் சொல்கிறார்கள். காத்திருக்கலாமா? - வாசகி, தஞ்சாவூர்

பதில்: அது முந்தைய தலைமுறைக்குப் பொருந்திய அறிவுரை. அப்போது லென்ஸை முழுவதுமாக எடுத்துவிட்டு, தடித்த சோடாபுட்டிக் கண்ணாடி கொடுப்பார்கள். 1949இல் லண்டனில் ஹெரால்ட் ரிட்லி என்ற மருத்துவர் கண்ணுக்குள் செயற்கை லென்ஸைப் பொருத்தினார். போரில் விமானிகளின் கண்ணில் தெறித்த விமானக் கூரைச் சில்லுகள் உறுத்தாமல் கிடந்ததைக் கண்டதிலிருந்து பிறந்த எண்ணம் அது. இன்று மிகச் சிறிய துளை வழியாகவே புரையை அகற்றி லென்ஸ் வைக்கிறார்கள். அம்மாவின் அன்றாட வேலைகளுக்கு, குறிப்பாக மாலையில் படியிறங்குவதற்கு, பார்வை இடைஞ்சலாகிவிட்டது என்றால் அதுவே சரியான நேரம். அளவுக்கு மீறி முற்றிய புரை கடினமாகி அறுவையைச் சிக்கலாக்கும். சிலருக்குக் கண் அழுத்தம் கூடிக் கடும் வலியும் வரும். அரசு மருத்துவமனைகளில் இந்த அறுவை இலவசம். சொட்டு மருந்தால் புரை கரையாது.

கேள்வி: அப்பாவுக்குக் கண் நீர் அழுத்த நோய். எனக்கும் வருமா? - வாசகர், கோவை

பதில்: வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட உங்களுக்கு அதிகம். 40 வயதுக்கு முன்பே கண் அழுத்தத்தையும் பார்வை நரம்பையும் சேர்த்துப் பரிசோதியுங்கள். அழுத்தம் இயல்பாக இருந்தும் நரம்பு கெடுவதுண்டு. போன பார்வை திரும்பாது என்பதால், அப்பா சொட்டு மருந்தை ஒருநாளும் நிறுத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கதிர் அடிக்கும்போது கணவரின் கண்ணில் நெல் சுணை பட்டுச் சிவந்தது. தாய்ப்பால் விடச் சொல்கிறார்கள். மருந்துக்கடையில் ஒரு சொட்டு மருந்தும் கொடுத்தார்கள். விடலாமா? - வாசகி, திருவாரூர்

பதில்: இரண்டையும் விட வேண்டாம். தாய்ப்பாலிலும் கிருமிகள் இருக்கலாம். பயிர்த் தூசும் சுணையும் கீறிய கருவிழியில் பூஞ்சைத் தொற்றுப் புண் உண்டாவது நம் வயல்பகுதிகளில் அடிக்கடி காணப்படுவது. கடையில் கேட்டதும் கிடைக்கும் சொட்டு மருந்துகள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். அது சிவப்பைத் தணித்து, குணமானது போலக் காட்டிக்கொண்டே பூஞ்சையை வளரவிடும். சுத்தமான தண்ணீரால் கழுவி, கசக்காமல், இன்றே கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். கடையில் வாங்கிய மருந்தையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.