மவுஸைத் தொடாமல் ட்ரிம் செய்வது: கேள்வி பதில்

வீடியோ எடிட்டிங்கில், கீபோர்டிலேயே கிளிப்புகளை ட்ரிம் செய்வது (ஓரத்தை வெட்டிச் சரிசெய்வது) பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். நான் அதிகம் புழங்குவது பிரீமியர் புரோவிலும் டாவின்சி ரிசால்விலும். ஃபைனல் கட், கெடென்லைவ், ஷாட்கட் மூன்றையும் தேவைக்குத் தொட்டதுண்டு. சொல்லும் ஷார்ட்கட் எல்லாம் மென்பொருளை நிறுவியதும் தானாக இருப்பவை, விண்டோஸ் கணக்கில். மேக்கில் கண்ட்ரோலுக்குப் பதில் பெரும்பாலும் கமாண்ட், ஆல்ட்டுக்குப் பதில் ஆப்ஷன். மாறும் இடத்தில் தனியாகச் சொல்கிறேன்.

கேள்வி: ரேஸர் கருவியால் வெட்டி, வேண்டாத துண்டைத் தேர்ந்தெடுத்து, அழித்து, இடைவெளியை மூடுகிறேன். ஒரு மணி நேரப் பேட்டிக்கு ஒரு நாள் முழுக்கப் போகிறது. எங்கிருந்து மாறுவது?

நீங்கள் செய்யும் நான்கு வேலையையும் ஒரே விசை செய்யும். பிரீமியரில் கியூ அழுத்தினால், பிளேஹெட் (ஓடும் இடத்தைக் காட்டும் கோடு) நிற்கும் இடத்திலிருந்து அதற்கு முந்தைய கட் (இரண்டு துண்டுகள் சேரும் இடம்) வரை உள்ள பகுதி போய்விடும், இடைவெளியும் மூடிக்கொள்ளும். டபிள்யூ அதையே மறுபக்கம் செய்யும்: பிளேஹெட்டிலிருந்து அடுத்த கட் வரை காலி. ரிசால்வில் இதே ஜோடி கண்ட்ரோல்+ஷிஃப்ட்+[ மற்றும் கண்ட்ரோல்+ஷிஃப்ட்+]. ஃபைனல் கட்டில் ஆப்ஷன்+[, ஆப்ஷன்+]. அங்கே டைம்லைனே (கிளிப்புகளை வரிசையாக அடுக்கும் பட்டை) காந்தம் போல ஒட்டிக்கொள்வதால் இடைவெளியைப் பற்றிக் கவலையில்லை. ஷாட்கட்டில் ஷிஃப்ட்+ஐ, ஷிஃப்ட்+ஓ. கெடென்லைவில் வளைந்த அடைப்புக்குறிகள் ( மற்றும் ) இதைச் செய்யும், ஆனால் இடைவெளியை அப்படியே விட்டுவிடும்.

சரி, பேச்சின் நடுவில் பத்து விநாடி உளறல் இருக்கிறது. என்ன செய்வது? உளறல் தொடங்கும் இடத்தில் நிறுத்தி கண்ட்ரோல்+கே, அதாவது ஒரு கட். அப்புறம் ஓடவிட்டு, உளறல் முடிந்த இடத்தில் நிறுத்தி கியூ. முடிந்தது. பிளேஹெட் ஒட்டு விழுந்த இடத்துக்கே வந்து நிற்கும், அங்கிருந்து மேலே ஓடவிடலாம். ரிசால்வில் கட்டுக்கு கண்ட்ரோல்+பி. ஒரு வாரம் இந்த மூன்று விசைகளை மட்டும் வைத்து வேலை செய்யுங்கள், நான்காவதைத் தேடாதீர்கள். ஷார்ட்கட் பட்டியலை அச்சடித்துச் சுவரில் ஒட்டியவர்கள் யாரும் அதைப் பார்த்து நான் கண்டதில்லை.

கேள்வி: ஜே, கே, எல் என்கிறார்கள். ஸ்பேஸ் பார் போதாதா?

ஓட்டி நிறுத்த மட்டும் என்றால் போதும். சரியான இடத்தைப் பிடிக்கத்தான் போதாது. எல் முன்னால், ஜே பின்னால், கே நிறுத்தம். எல் இரண்டு முறை தட்டினால் இரட்டை வேகம். பேட்டியை முதல்முறை சலிக்கும்போது நான் அந்த வேகத்தில்தான் கேட்பேன், பேச்சு நன்றாகவே புரியும். கேயைப் பிடித்துக்கொண்டு எல்லையும் அழுத்தினால் மெதுவாக நகரும். கேயைப் பிடித்தபடி எல்லை ஒரு தட்டுத் தட்டினால் ஒரே ஒரு ஃபிரேம், அதாவது வீடியோவின் ஒரே ஒரு படம். வலது கையின் மூன்று விரல்கள் இங்கேயே தங்கிவிடும், இடது கை கியூ, டபிள்யூவில். பிரீமியரில் அந்த இரண்டு எழுத்துகள் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதன் சுகம் அப்போதுதான் தெரியும்.

கேள்வி: கட் ஏறக்குறைய சரி. இரண்டு மூன்று ஃபிரேம்தான் தள்ளி இருக்கிறது. அதற்காக ஜூம் செய்து ஓரத்தைப் பிடித்து இழுக்க வேண்டியிருக்கிறது.

இழுக்கவே வேண்டாம். பிரீமியரில் ஷிஃப்ட்+டி (T) அழுத்தினால் அருகில் உள்ள கட் தேர்வாகி, போகிற ஃபிரேமும் வருகிற ஃபிரேமும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். கண்ட்ரோலோடு இடது, வலது அம்புக்குறி ஒரு ஃபிரேம் நகர்த்தும். ஷிஃப்ட்டையும் சேர்த்தால் ஐந்து. மேக்கில் இதற்கு மட்டும் கண்ட்ரோலுக்குப் பதில் ஆப்ஷன். ரிசால்வில் வி அழுத்தினால் பக்கத்துக் கட் தேர்வாகும், காற்புள்ளியும் முற்றுப்புள்ளியும் ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தும், ஷிஃப்ட்டோடு ஐந்து. ஃபைனல் கட்டிலும் அதே இரண்டு விசைதான், ஷிஃப்ட்டோடு பத்து. அவிட் என்ற எடிட்டிங் மென்பொருளிலும் காற்புள்ளி, முற்றுப்புள்ளிதான். நிறுவனங்கள் ஒத்துப்போகும் அபூர்வமான இடம் இது.

நகர்த்துமுன் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: எது நகர வேண்டும்? ரிப்பிள் என்றால் ஒரு பக்கத்துக் கிளிப் மட்டும் நீளும் அல்லது குறையும், பின்னால் இருப்பதெல்லாம் தள்ளிப்போகும், மொத்த நீளம் மாறும். ரோல் என்றால் ஒன்று குறையும் அளவுக்கு மற்றது நீளும், மொத்த நீளம் மாறாது. பேச்சில் வெட்டும்போது பெரும்பாலும் ரிப்பிள். இசைக்குத் தாளம் பார்த்து வெட்டியதில் ரோல்தான் செய்ய வேண்டும், இல்லையென்றால் அதற்குப் பின்னால் உள்ள எல்லா கட்டும் தாளம் தப்பும். ரிசால்வில் யூ அழுத்த அழுத்த இந்த வகை மாறிக்கொண்டே இருக்கும். ஃபைனல் கட்டில் [ இடது ஓரம், ] வலது ஓரம், \ இரண்டும்.

கேள்வி: டைம்லைனில் தெரியும் ஒலியின் அலைவடிவத்தைப் பார்த்து, ஒலி அடங்கிய இடத்தில்தான் டபிள்யூ அழுத்துகிறேன். ஆனால் ஓட்டிப் பார்த்தால் சொல்லின் வாலோ தலையோ போயிருக்கிறது. ஏன்?

கண்ணை நம்பியதால். தமிழ்ப் பேச்சில் இது இன்னும் மோசமாக ஏமாற்றும். ‘பட்டு’ என்று சொல்லிப் பாருங்கள். ‘ப’வுக்கும் ‘டு’வுக்கும் நடுவில் நாக்கு அண்ணத்தில் ஒட்டி நிற்கிறதே, அந்த நேரம் முழுக்க ஒலியே இல்லை. அலைவடிவத்தில் அது ஒரு தட்டையான கோடு. ‘அப்பா’, ‘பக்கம்’, ‘அத்தை’ எல்லாம் அப்படித்தான். இரட்டித்த வல்லினம் வரும் இடமெல்லாம் சொல்லின் நடுவிலேயே ஒரு குட்டி மௌனம் இருக்கும். அதைச் சொல் முடிந்த இடமாக எடுத்துக்கொண்டால் ‘பட்’ என்று நிற்கும்.

தலையிலும் அதே கதை. க, த, ப என்று வல்லினத்தில் தொடங்கும் சொல்லுக்கு, ஒலி வெடிக்கும் முன் வாய் மூடியிருக்கும் ஒரு கணம் உண்டு. அலை எழும் இடத்திலேயே ஒட்ட வெட்டினால் சொல் இடிபடும். ஒன்றிரண்டு ஃபிரேம் முன்னால் விடுங்கள். விநாடிக்கு 25 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேம் 40 மில்லி விநாடி. ஒரு மெய்யெழுத்தின் வெடிப்பு அதற்குள் வந்துபோய்விடும். அதனால்தான் ஒரு ஃபிரேம் தவறுகூடக் காதில் விழுகிறது.

நான் செய்வது: அலையைப் பார்த்து ஏறக்குறைய வெட்டுவேன். பிறகு திரையிலிருந்து கண்ணை எடுத்துவிட்டு, கட்டுக்கு இரண்டு விநாடி முன்பிருந்து ஓட்டிக் கேட்பேன். பேசுபவர் மூச்சு இழுக்கும் ஒலி இருந்தால் மூச்சுக்கு முன்னால் வெட்டுவேன், மூச்சின் நடுவில் ஒருபோதும் இல்லை. பாதி மூச்சு கேட்பவருக்கு, ஏன் என்று சொல்லத் தெரியாவிட்டாலும், உறுத்தும். இதெல்லாம் செய்தும் ‘டிக்’ என்று கேட்டால் அந்த ஒட்டில் இரண்டு ஃபிரேம் ஆடியோ கிராஸ்ஃபேட் (ஒரு ஒலி தேய, மற்றது எழுவது) போடுங்கள்.

கேள்வி: கியூ அழுத்தியதும் கீழே இருந்த பின்னணி இசையும் வெட்டுப்பட்டு நகர்ந்துவிட்டது.

இசை ட்ராக்கை (டைம்லைனில் இசை இருக்கும் வரிசை) பூட்டிவிட்டு ட்ரிம் செய்யுங்கள். பூட்டிய ட்ராக்கை எதுவும் தொடாது. பிரீமியரில் இன்னும் நுணுக்கமாகச் செய்ய இரண்டு சுவிட்ச் உண்டு: ட்ராக் டார்கெட்டிங் (எந்த ட்ராக்கில் வெட்டு விழ வேண்டும்), சிங்க் லாக் (எந்த ட்ராக் கூடவே நகர வேண்டும்). இசை ட்ராக்கில் இரண்டையும் அணைத்தால் போதும். ரிசால்வில் ட்ராக்கின் தலையில் உள்ள ஆட்டோ செலக்ட். ஆனால் என் வழக்கம் வேறு: பேச்சை முழுக்க வெட்டி முடிக்கும்வரை இசையை டைம்லைனுக்குள் கொண்டுவரவே மாட்டேன்.

கேள்வி: சில சமயம் எந்த ஷார்ட்கட்டும் வேலை செய்வதில்லை. மென்பொருளை மூடித் திறந்தால் சரியாகிறது.

மூடித் திறக்க வேண்டியதில்லை. இரண்டு காரணம் இருக்கலாம். முதலாவது, வேறு பேனல் தேர்வில் இருப்பது. பிரீமியரில் ஷிஃப்ட்+3 அழுத்தினால் டைம்லைனுக்கு வந்துவிடலாம்.

இரண்டாவது, நம்மை மட்டும் பிடிக்கும் பேய். தமிழில் தலைப்போ சப்டைட்டிலோ தட்டச்சு செய்துவிட்டு, கீபோர்டைத் தமிழிலேயே விட்டிருப்பீர்கள். கியூ விசை இப்போது கியூ இல்லை, தமிழ்99 விசைப்பலகை அமைப்பு என்றால் அது ‘ஆ’. மென்பொருள் எதிர்பார்க்கும் எழுத்து போய்ச் சேருவதில்லை. விண்டோஸில் விண்டோஸ் விசை+ஸ்பேஸ் அழுத்தி ஆங்கிலத்துக்கு மாறுங்கள். ஒரு மாலை முழுக்க கீபோர்டு கெட்டுவிட்டது என்று நினைத்து, அதைக் கழற்றிச் சுத்தம்கூடச் செய்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

கேள்வி: வெட்டியது அதிகமாகிவிட்டது என்று கிளிப்பை நீட்டப் பார்த்தால் நகர மறுக்கிறது.

அந்தப் பக்கம் படமே இல்லை. ட்ரிம் என்பது அழிப்பதல்ல, மறைப்பது. மறைத்ததைத் திரும்ப எடுக்கலாம், பதிவாகாததை எடுக்க முடியாது. இப்படி ஓரத்துக்கு அப்பால் மிச்சம் இருக்கும் பகுதியைத்தான் ஹேண்டில் என்கிறோம். கட்டின் நடுவில் ஒரு விநாடி டிசால்வ் (ஒரு படம் கரைந்து மற்றது தோன்றுவது) போட இரண்டு பக்கமும் அரை விநாடி ஹேண்டில் வேண்டும். படம் எடுப்பவரிடம் சொல்லி வையுங்கள்: பேச்சு முடிந்ததும் உடனே கேமராவை நிறுத்த வேண்டாம், மூன்று எண்ணிவிட்டு நிறுத்தட்டும்.

கேள்வி: அடுத்தவர் குரல் முதலில் கேட்டு, முகம் பிறகு வருவது போல் கீபோர்டிலேயே செய்ய முடியுமா?

முடியும், அதைத்தான் ஜே கட் என்கிறார்கள். பிரீமியரில் வீடியோ ட்ராக்கின் டார்கெட்டை அணைத்துவிட்டு, ஆடியோவை மட்டும் விடுங்கள். பிளேஹெட்டைக் கட்டுக்குச் சற்று முன்னால் வைத்து ஷிஃப்ட்+டபிள்யூ. ஆடியோவின் கட் மட்டும் பிளேஹெட்டுக்கு இழுபட்டு வரும், படம் அசையாது. மாறாக, போகிறவர் குரல் அடுத்த முகத்தின் மேலும் நீள வேண்டுமானால் (எல் கட்) பிளேஹெட்டைக் கட்டுக்குப் பின்னால் வைத்து ஷிஃப்ட்+கியூ. முடித்ததும் டார்கெட்டைத் திரும்பப் போட மறக்காதீர்கள்.

ரிசால்வில் வி அழுத்திக் கட்டைத் தேர்ந்தெடுத்து, ஆல்ட்+யூ மூலம் ஆடியோ மட்டும் என்று மாற்றி, பிளேஹெட்டை வேண்டிய இடத்தில் வைத்து ஈ. எவ்வளவு தூரம் இழுப்பது? அரை விநாடி பெரும்பாலும் போதும். அதற்கு மேல் போனால் ‘இது யார் குரல்?’ என்று பார்ப்பவர் தேடத் தொடங்குவார். அது உங்களுக்கு வேண்டியதாக இருந்தால் தாராளமாக இழுங்கள்.

கேள்வி: போனில் எடுத்த படத்தில் ஃபிரேம் கணக்காக ட்ரிம் செய்தும், போகப் போக உதடும் குரலும் ஒட்டவில்லை.

உங்கள் ட்ரிம்மில் தவறில்லை. பல போன்கள் வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் ஏற்ப ஃபிரேம் விகிதத்தை மாற்றிக்கொண்டே பதிவு செய்யும். எடிட் செய்யுமுன் ஹேண்ட்பிரேக் (HandBrake) என்ற மென்பொருளில் நிலையான ஃபிரேம் விகிதத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பாதி வெட்டிய பிறகு மாற்றினால் தலைவலி இரட்டிப்பாகும்.

கேள்வி: ஷார்ட்கட்களை எனக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாமா?

மாற்றலாம். பிரீமியர், ரிசால்வ் இரண்டிலும் கண்ட்ரோல்+ஆல்ட்+கே அந்த ஜன்னலைத் திறக்கும். ரிசால்வில் பிரீமியர், ஃபைனல் கட், அவிட் ஆகியவற்றின் அமைப்பைத் தயாராகவே வைத்திருக்கிறார்கள், மாறி வருபவர்களுக்கு அது வசதி. நான் ஒரு காலத்தில் எல்லாவற்றையும் மாற்றினேன். அப்புறம் இன்னொருவர் கணினியில் உட்கார்ந்தபோது, அழுத்திய விசையெல்லாம் வேறெதையோ செய்தது. இப்போது இரண்டு விரலுக்கு எட்டாதவற்றை மட்டும் மாற்றுகிறேன். ரிசால்வின் கண்ட்ரோல்+ஷிஃப்ட்+[ அப்படி மாற்றத் தகுந்த ஒன்று. நாளுக்கு ஆயிரம் முறை அழுத்தும் விசைக்கு மூன்று விரல் கேட்பது அநியாயம்.

கேள்வி: ஓடும்போதே கட்டை நகர்த்தலாம் என்கிறார்களே?

டைனமிக் ட்ரிம்மிங். பிரீமியரில் ஷிஃப்ட்+டி அழுத்தி ட்ரிம் நிலைக்குப் போனபின் எல் அழுத்தி ஓடவிட்டு, போதும் என்று தோன்றும் இடத்தில் கே அழுத்துங்கள். நிறுத்திய இடத்துக்கே கட் வந்துவிடும். ரிசால்வில் டபிள்யூ அழுத்தினால் இந்த நிலை. எண்ணிப் பார்த்து நகர்த்துவதில்லை, பார்த்துக்கொண்டே இருக்கும்போது விரல் முடிவெடுக்கிறது. நடிப்பு உள்ள காட்சியில் எனக்கு இதுதான் பிடிக்கும். தகவல் சொல்லும் காணொளிக்கு இவ்வளவு தேவையில்லை, கியூவும் டபிள்யூவுமே ஓட்டிவிடும்.

கேள்வி: கிளிப்பின் நீளம் சரி, இடம் சரி. உள்ளே தெரியும் கணம்தான் தவறு. வெட்டி மறுபடி போடுவதா?

வேண்டாம், ஸ்லிப் செய்யுங்கள். ஜன்னல் அப்படியே இருக்கும், அதன் பின்னால் இருக்கும் படம் மட்டும் நகரும். பிரீமியரில் கிளிப்பைத் தேர்ந்தெடுத்து (பிளேஹெட் அதன் மேல் நின்றால் டி (D) போதும்) கண்ட்ரோல்+ஆல்ட்+அம்புக்குறி. ரிசால்வில் டி (T) அழுத்தி ட்ரிம் நிலைக்குப் போய், கிளிப்பைத் தேர்ந்தெடுத்து காற்புள்ளி அல்லது முற்றுப்புள்ளி. தொடக்க ஃபிரேம் அழகாக வந்ததும் நிறுத்திவிடாதீர்கள், கடைசி ஃபிரேமையும் ஓட்டிப் பாருங்கள். ஸ்லிப் செய்ததில் கேமராவை அணைக்க வரும் கை அங்கே எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்.