இளவரசியின் திமிர்

கேள்வி: கீரா காஸ் எழுதிய 'த செலெக்சன்' நாவல் வரிசையில் முதல் மூன்று புத்தகங்களையும் ஒரே மூச்சில் படித்தேன். நாலாவது, 'தி எயர்', பெரிய ஏமாற்றம். கதாநாயகி அமெரிக்காவின் மகள் ஈட்லினுக்கு ஏன் இவ்வளவு திமிர்? ஐந்தாவதை வாங்கலாமா?
- உயர்தர மாணவி, காரைதீவு

பதில்: திமிரில் என்ன பிழை, மகள்? மட்டக்களப்பின் பழங்கதை சொல்லும் மட்டக்களப்பு மான்மியத்தில் வரும் அரசி ஆடகசவுந்தரியை எடுங்கள். குளக்கோட்டன் என்ற மன்னன் திருகோணமலையில் கோயில் திருப்பணி செய்ய வந்தபோது, கேட்காமல் தன் நாட்டுக்குள் வந்தவனை விரட்டச் சொல்லிப் படை அனுப்பினாள். அப்புறம் அவனையே மணந்தாள். அந்தப் படை அனுப்பிய பெண்ணைத்தான் எனக்குப் பிடிக்கும். கல்யாணத்துக்குப் பிறகு கதை அவளை விட்டுவிட்டு மகன் சிங்ககுமாரன் பக்கம் போய்விடுகிறது என்பதில் எனக்கு இன்றைக்கும் கோபம். ஆண்பிள்ளை செய்தால் வீரம், பெண்பிள்ளை செய்தால் திமிர் என்கிறவர்களோடு இந்தப் பக்கத்தில் பல தடவை சண்டை போட்டிருக்கிறேன். இன்னும் போடுவேன்.

ஈட்லின் தன் இரட்டைச் சகோதரனைவிட ஏழு நிமிடம் மூத்தவள். அவளுக்காகவே வாரிசுச் சட்டத்தை மாற்றுகிறார்கள். தாய்வழியில் குடி எண்ணி, மகளுக்கு வீடு எழுதிக் கொடுக்கும் நம் ஊர்ப் பக்கத்தில், பெண் வாரிசாவது அதிசயமே இல்லை. ஆளப் பிறந்தவள் என்று சொல்லி வளர்த்த பிள்ளை அப்படித்தான் பேசும். நான் குறை சொல்வது அவளை எழுதியவரை.

முதல் புத்தகம் 2012இல் வந்தது. எட்டுச் சாதிகளாகப் பிரித்த நாடு. ஐந்தாம் சாதியில், பாட்டுப் பாடிப் பிழைக்கும் வீட்டுப் பெண் அமெரிக்கா. இளவரசன் மக்ஸனை மணக்க 35 பெண்கள் அரண்மனைக்குப் போகிறார்கள். பட்டுச் சட்டைக்கும் முத்தத்துக்கும் அடியில் ஒரு பசித்த வீடு இருந்தது. உங்களை ஒரே மூச்சில் படிக்க வைத்தது அந்தப் பசிதான் என்று நினைக்கிறேன்.

2015இல் வந்த நாலாவதில் சாதிகளைச் சட்டப்படி ஒழித்தாயிற்று. ஆனாலும் சனங்கள் பழைய சாதியைச் சொல்லியே ஒருவரையொருவர் ஒதுக்குகிறார்கள். கலகம் எழுகிறது. நாவல் இங்கேதான் தொடங்கியிருக்க வேண்டும்! இலங்கையில், சாதியைச் சொல்லி ஒதுக்குவதைத் தடுக்கும் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தது 1957இல். 1968இலும் ஒடுக்கப்பட்ட சாதிச் சனங்கள் யாழ்ப்பாணத்து மாவிட்டபுரம் கோயில் வாசலில் உள்ளே விடச் சொல்லிப் போராட வேண்டியிருந்தது. சட்டம் எழுதியவர்களின் பிள்ளைகள் அந்தக் கோபத்துக்கு என்ன பதில் சொல்வார்கள்? இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு, சனங்களின் கவனத்தைத் திருப்ப மகளுக்கும் அதே போட்டியை நடத்துகிறார்கள். இந்தத் தடவை 35 பையன்கள். ஊர்வலத்தில் சனங்கள் அழுகிய சாப்பாட்டை அவள்மேல் எறிகிறார்கள். அதற்குப் பிறகும் கதை விருந்துக்கும் நடனத்துக்கும் திரும்பிவிடுகிறது. தாயின் பழைய சட்டையை அளவெடுக்காமல் மகளுக்குப் போட்டுவிட்ட மாதிரி இருக்கிறது.

தாயின் கதையை மகள் தொடர்வது எப்படி என்று தமிழில் ஏற்கெனவே எழுதிக் காட்டியாயிற்று. நீங்கள் காரைதீவுப் பிள்ளை. வைகாசிச் சடங்கில் கண்ணகி வழக்குரை கேட்டு வளர்ந்திருப்பீர்கள். யாழ் நூல் எழுதிய விபுலானந்தர் பிறந்த ஊரில் சிலப்பதிகாரத்தை நான் சொல்லித் தரத் தேவையில்லை. அதில் வரும் மாதவியின் மகள் மணிமேகலை. அவள் பின்னால் சோழ இளவரசன் உதயகுமரன் வருகிறான். அவளுக்கும் அவன்மேல் மனம் போகிறது. 'இதுவோ அன்னாய் காமத்து இயற்கை' என்று தோழி சுதமதியிடம் வெட்கப்படாமல் கேட்கிறாள். ஆனால் மணிமேகலைக் காப்பியத்தை எழுதிய சாத்தனார் அவளைத் தாயின் காதல் கதைக்குள் திருப்பி அனுப்பவில்லை. அவளுக்கென்று ஒரு கேள்வி கொடுத்தார்: பசி. அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபிப் பாத்திரத்தை ஏந்தி ஊரின் பசி தீர்க்கிறாள், அரசனிடம் கேட்டுச் சிறைச்சாலையை அறம் செய்யும் இடமாக, அறக்கோட்டமாக, மாற்றுகிறாள். அரண்மனைக் காதல் கதையாக ஆரம்பித்தது எங்கே போய் நிற்கிறது பாருங்கள். 'மணிமேகலை வெறும் பிரசாரம்' என்று மேடைதோறும் சொல்லித் திரியும் நம் விமர்சகர்கள் அந்த உதயகுமரன் பகுதிகளை மட்டுமாவது ஒருதரம் முழுசாகப் படிக்க வேண்டும். ஒரு வரியைக்கூடப் படிக்காமல் ஐம்பெருங்காப்பியத்தின் பெயர்களை மட்டும் பிள்ளைகளிடம் ஒப்புவிக்கக் கேட்பதையும் நிறுத்த வேண்டும்.

சரி, ஐந்தாவது. 2016இல் வந்த 'த கிரவுன்'. அதில் ஈட்லின், யாரை மணப்பது என்பதைவிட, நாட்டை எப்படி ஆள்வது என்பதில் ஒரு நல்ல முடிவு எடுக்கிறாள். நாலாவதிலேயே வந்திருக்க வேண்டிய விஷயம். அதற்காகப் படிக்கலாம். ஆனால் காசு கொடுத்து வாங்க வேண்டாம், யாரிடமாவது இரவல் கேளுங்கள். மிச்சமாகும் காசுக்கு உரையோடு ஒரு மணிமேகலை வாங்குங்கள். படித்துவிட்டு உதயகுமரனைப் பற்றி ஒரு பக்கம் எழுதி அனுப்பினால் அடுத்த இதழில் போடுகிறேன்.