ஐஸ்-டீ: போலீஸைப் பாடியவர், போலீஸாக நடித்தவர் (கேள்வி பதில்)

அமெரிக்க ராப் பாடகர், நடிகர் ஐஸ்-டீ பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். முப்பது வருடங்களாக இவரைப் பின்தொடர்கிறவன், தெரிந்ததைச் சொல்கிறேன். முன்கூட்டியே இரண்டு வேண்டுகோள். ஐஸ் க்யூப் வேறு, ஐஸ்-டீ வேறு, வனில்லா ஐஸ் அறவே வேறு. அப்புறம், சொத்து மதிப்பு கேட்காதீர்கள்.

ஒன்றுமே தெரியாதவனுக்கு ஒரு பத்தியில் சொல்லுங்கள், யார் இவர்?

இயற்பெயர் ட்ரேசி மாரோ. 1958 பிப்ரவரி 16 அன்று நியூ ஜெர்சி மாநிலத்தின் நூவர்க்கில் பிறந்தார். ஒரே பிள்ளை. அம்மாவும் அப்பாவும் சில வருட இடைவெளியில் மாரடைப்பில் போய்விட்டார்கள். பதின்வயதைத் தொடும்போது லாஸ் ஏஞ்சலிஸில் இருந்த அத்தை வீட்டுக்கு அனுப்பி வைக்கப்பட்டார். க்ரென்ஷா உயர்நிலைப் பள்ளியில் படித்தார், சீக்கிரமே அப்பாவானார், குடும்பத்தைக் காப்பாற்ற 1977இல் ராணுவத்தில் சேர்ந்தார். ஹவாயில் காலாட்படை. 1979இல் வெளியே வந்தபின் திருட்டுத் தொழில், நகைக்கடைக் கொள்ளை. இதை அவரே ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லியிருக்கிறார். 1983இல் முதல் இசைத்தட்டு. 1987இல் முதல் ஆல்பம் 'ரைம் பேஸ்'. கெட்ட வார்த்தை உண்டு என்று பெற்றோருக்குச் சொல்லும் எச்சரிக்கை ஸ்டிக்கர் ஒட்டி வந்த முதல் ராப் ஆல்பங்களில் அதுவும் ஒன்று. 1991இல் சினிமா, 1992இல் நாடே கொதித்த ஒரு பாட்டு, 2000 முதல் தொலைக்காட்சியில் துப்பறிவாளர். அவ்வளவுதான்.

பெயர்க் காரணம்? குடிக்கிற ஐஸ் டீயா?

இல்லை. ஐஸ்பெர்க் ஸ்லிம் என்று ஒரு எழுத்தாளர் இருந்தார். பாலியல் தொழில் தரகராக இருந்து எழுத்தாளரானவர். அவருடைய வரிகளைப் பள்ளி நாட்களில் மனப்பாடம் செய்து நண்பர்களுக்கு ஒப்பிப்பாராம் ட்ரேசி. "ஐஸ் மாதிரி இன்னும் கொஞ்சம் சொல்லு, டீ" என்று கூட்டம் கேட்கும். ட்ரேசியின் முதலெழுத்துதான் அந்த 'டீ'. இன்னொருவரின் குரலில், இன்னொருவரின் கதையைத் தன் கதை போலப் பேசுவதுதான் இவருடைய முதல் தொழிற்பயிற்சி. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

என்.டபிள்யூ.ஏ. ராப் குழுவில் போலீஸைக் கெட்ட வார்த்தையில் திட்டிப் பாடியவர்தானே? எஃப்.பி.ஐ. கடிதம்கூட வந்ததே?

அது ஐஸ் க்யூப் இருந்த குழு. பாட்டு வந்தது 1988இல், கடிதம் 1989இல். மேலே போட்ட முதல் வேண்டுகோளைப் பாருங்கள்.

'காப் கில்லர்' சர்ச்சையை முழுசாகச் சொல்லுங்கள் சார். ஆளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள்.

சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

ஐஸ்-டீக்கு 'பாடி கவுண்ட்' என்று ஒரு ஹெவி மெட்டல் குழு உண்டு. கிட்டார் வாசிப்பவர் எர்னி சி, க்ரென்ஷா பள்ளித் தோழர். 1992 மார்ச்சில் குழுவின் முதல் ஆல்பம் வந்தது. கடைசிப் பாட்டுதான் 'காப் கில்லர்', அதாவது போலீஸைக் கொல்பவன். போலீஸ் அடாவடியைப் பார்த்துப் பார்த்துப் பித்தேறிய ஒருவன், துப்பாக்கியோடு கிளம்புகிறான். பாட்டு அவன் வாயால் சொல்லப்படுகிறது. அட்டைப்படத்தில் ஒரு மனிதனின் வெற்று மார்பில் அந்த இரண்டு சொற்களும் பச்சை குத்தியிருக்கும். சில பிரதிகளை, பிணத்தை எடுத்துப்போகும் பையின் குட்டி வடிவத்தில் சுற்றி அனுப்பினார்கள். அப்போது ஆல்பத்தை வெளியிட்ட வார்னர் கம்பெனியில் யாருக்கும் பயம் இல்லை என்பதற்கு அந்தப் பையே சாட்சி.

ஏப்ரல் 29 அன்று, ராட்னி கிங் என்ற கறுப்பரை அடித்த போலீஸ்காரர்கள் நால்வரைத் தண்டிக்க ஜூரி மறுத்தது. லாஸ் ஏஞ்சலிஸ் எரிந்தது. ஜூனில் டெக்சாஸ் போலீஸ் சங்கங்களின் கூட்டமைப்பு ஒன்று, பாட்டை நீக்காவிட்டால் வார்னரின் தாய்க் கம்பெனியான டைம் வார்னரின் எந்தப் பொருளையும் வாங்காதீர்கள் என்று அறிவித்தது. துணை ஜனாதிபதி டான் க்வேல் கண்டித்தார், ஜனாதிபதி புஷ்ஷும் கண்டித்தார். தேர்தல் வருடம் வேறு. கடைச் சங்கிலிகள் ஆல்பத்தை விற்பதை நிறுத்தின. கம்பெனித் தலைவர் ஜெரால்டு லெவின் பத்திரிகையில் கட்டுரை எழுதிப் பாட்டை ஆதரித்தார். கறுப்பின போலீஸ்காரர்களின் தேசியச் சங்கம் இந்தப் புறக்கணிப்பை எதிர்த்தது. இதை யாரும் சொல்வதில்லை.

ஜூலை 16, பெவர்லி ஹில்ஸ், டைம் வார்னர் பங்குதாரர்கள் கூட்டம். திரையில் மோசஸாக நடித்த சார்ல்டன் ஹெஸ்டன் எழுந்தார். அவரும் ஒரு பங்குதாரர். பாட்டின் வரிகளை, கெட்ட வார்த்தை ஒன்றையும் விடாமல், அந்தக் கம்பீரக் குரலில் வாசித்தார். கோட்டு சூட்டு போட்டவர்கள் நிறைந்த அறை. என்னைக் கேட்டால் அந்தப் பாட்டு மிக நாடகத்தனமாக அரங்கேறியது அன்றைக்குத்தான்.

ஜூலை 28 அன்று ஐஸ்-டீ பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு, பாட்டை ஆல்பத்திலிருந்து நானே எடுக்கிறேன் என்றார். வார்னர் ஊழியர்களுக்கு மிரட்டல்கள் வந்துகொண்டிருந்ததுதான் அவர் சொன்ன காரணம். அட்டையில் பச்சை குத்தியிருந்த சொற்களும் மாறின. 1993 தொடக்கத்தில் அவரும் வார்னரும் பிரிந்தார்கள்.

எந்த நீதிமன்றமும் தடை விதிக்கவில்லை. 'தடை செய்யப்பட்ட பாட்டு' என்று எழுதுகிறவர்களை நம்பாதீர்கள்.

போலீஸைக் கொல்லணும்னு பாடினவர் காசுக்காகப் போலீஸாகவே நடிக்கிறாரே, வெட்கமா இல்லையா அவருக்கு?

இந்தக் கேள்வி இதுவரை நான்கு பேரிடமிருந்து வந்துவிட்டது. நால்வருக்கும் சேர்த்து ஒரே பதில்: வருஷ வரிசையைப் பாருங்கள்.

'நியூ ஜாக் சிட்டி' படம் 1991 மார்ச்சில் வந்தது. அதில் ஐஸ்-டீ துப்பறியும் போலீஸ்காரர் ஸ்காட்டி ஆப்பிள்டன். 'காப் கில்லர்' இருந்த ஆல்பம் 1992 மார்ச். அதாவது போலீஸ் வேஷம் முதலில், பாட்டு ஒரு வருடம் கழித்து. "அன்று போலீஸை எதிர்த்தவர், இன்று போலீஸாகிவிட்டார்" என்ற அழகான கதை கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, நாட்காட்டிதான் ஒத்துழைக்கவில்லை.

அந்த வேஷம் கிடைத்த விதத்தையும் அவரே சொல்லியிருக்கிறார். ஒரு இரவு விடுதியின் கழிப்பறையில் நண்பர்களிடம் பீற்றிக்கொண்டிருந்தாராம். அதைக் கேட்டுவிட்ட இயக்குநர் மாரியோ வான் பீபிள்ஸ், என் படத்தில் நடிக்கிறாயா என்று கேட்டார். போலீஸ் வேஷம் என்றதும் இவருக்குக் கலக்கம். தெருவில் இருப்பவர்கள் என்ன சொல்வார்களோ என்று நண்பர்களிடம் கருத்துக் கேட்டார். அவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவே இல்லை, படத்தில் எங்களுக்கும் ஏதாவது கிடைக்குமா என்றுதான் கேட்டார்களாம். தெரு அவரை மன்னித்துவிட்டது. நம்மவர்கள்தான் இன்னும் விசாரணை நடத்திக்கொண்டிருக்கிறீர்கள்.

மேலே கேட்டவன் நான்தான். தேதியை வைத்துத் தப்பிக்காதீர்கள். பாட்டை எடுத்தது பயந்துதானே? கொள்கை இருந்தால் நின்றிருக்க வேண்டாமா?

நியாயமான கேள்வி. இதில் எனக்கே இரண்டு மனசு. பிரதிகளை அனுப்புகிற ஊழியருக்குக் குண்டு மிரட்டல் வரும்போது, பாடகர் தன் வீட்டில் உட்கார்ந்துகொண்டு கொள்கை பேசுவது சுலபம். அந்த வகையில் எடுத்தது சரி. ஆனால் அன்று பல ராப் பாடகர்கள் இதைப் பின்வாங்கல் என்றே பார்த்தார்கள். இவர் எடுத்த பிறகு, பெரிய கம்பெனிகள் மற்றவர்களின் வரிகளையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க ஆரம்பித்தன. விலையைக் கட்டியது இவர் மட்டும் இல்லை.

பயந்துதான் எடுத்தார் என்று ஒப்புக்கொண்டீர்கள், நன்றி.

ஒப்புக்கொள்ளவில்லை. மறுபடி படியுங்கள்.

நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். இரண்டு பேரும் ஒரு ராப் பாட்டுக்காக ஏன் இப்படி அடித்துக்கொள்கிறீர்கள்?

ராப் பாட்டே இல்லை ஐயா அது! 'காப் கில்லர்' மெட்டல் பாட்டு. அதில் ராப் கிடையாது. டிரம்ஸ், உறுமும் கிட்டார், கத்தல், அவ்வளவுதான். டாக்கிங் ஹெட்ஸ் குழுவின் 'சைக்கோ கில்லர்' பாட்டிலிருந்து பொறி கிடைத்தது என்று அவரே சொன்னார். ஆனால் அரசியல்வாதிகளும் பத்திரிகைகளும் விடாமல் 'ராப்' என்றே எழுதினார்கள். பாடியவர் கறுப்பர், ஆகவே ராப். 1974இல் எரிக் கிளாப்டன், பாப் மார்லியின் பாட்டு ஒன்றை எடுத்து, ஷெரீப்பைச் சுட்டேன் என்று பாடினார். அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. எந்த ஜனாதிபதியும் வாய் திறக்கவில்லை. ஷெரீப்பும் போலீஸ்தான்.

கிளாப்டன் பாட்டில் கொலைவெறி இல்லை. தற்காப்பு என்றுதான் வரும். ஒப்பிடுவது தப்பு.

சரி, அந்த வித்தியாசம் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். அந்தப் பாட்டின் கோபம் வேறு சூடு. ஆனால் நான் சொல்ல வந்தது, பாட்டில் 'நான்' என்று வருவது பாடகன் இல்லை என்பது. இவர் சொன்ன பதில் பிரபலம்: நான் போலீஸைக் கொன்றவன் என்று நம்பினால், விண்வெளி வீரனாகப் பாடிய டேவிட் போவி நிஜமாகவே விண்வெளி வீரர் என்றும் நம்ப வேண்டியிருக்கும் என்றார். ஐஸ்பெர்க் ஸ்லிம்மை ஒப்பித்த பையனை ஞாபகம் வைக்கச் சொன்னேனே, அது இதற்காகத்தான். 1986இல் வந்த '6 இன் த மார்னின்' பாட்டைக் கேளுங்கள். விடியற்காலை ஆறு மணி, கதவைத் தட்டுகிறது போலீஸ், பாத்ரூம் ஜன்னல் வழியாக ஓடுகிறான் ஒருவன். முழுக்க ஒரு குறும்படம். இவர் ராப் பாடகராக இருந்து நடிகரானவர் என்பதே பாதி உண்மைதான். மைக்கைப் பிடித்த நாளிலிருந்தே வேஷம் கட்டியவர்.

ஸ்ட்ரெய்ட் அவுட்டா காம்ப்டன் படத்தில் இவருடைய மகன்தானே இவராக நடித்தார்?

அது என்.டபிள்யூ.ஏ. குழுவின் கதை. நடித்தது ஐஸ் க்யூபின் மகன். ஐஸ். க்யூப்.

எஸ்.வி.யூ. வாய்ப்பு எப்படி வந்தது? நடிப்பு உண்மையில் நல்லா இருக்குமா?

தயாரிப்பாளர் டிக் வுல்ஃப் இவரை முன்பே அறிந்தவர். அவருடைய 'நியூயார்க் அண்டர்கவர்' தொடரில் வில்லனாக நடித்து 1996இல் கறுப்பின உரிமை அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி.யின் விருது வாங்கினார். பாலியல் குற்றங்களை விசாரிக்கும் போலீஸ் பிரிவைப் பற்றிய அவருடைய தொடர் 'லா அண்ட் ஆர்டர்: எஸ்.வி.யூ.' 1999இல் தொடங்கியது. 2000இல் இரண்டாம் சீசனில் நான்கு எபிசோடுகளுக்கு மட்டும் என்று கூப்பிட்டார்கள். அந்த நான்கு இன்னும் முடியவில்லை. பாத்திரத்தின் பெயர் ஓடஃபின் டுடுவோலா, சுருக்கமாக ஃபின். போதைப்பொருள் பிரிவிலிருந்து மாற்றலாகி வந்தவர், பின்னால் சார்ஜென்ட்.

நடிப்பு? பெரிய நடிகர் என்று சொல்ல மாட்டேன். அழுகைக் காட்சி வந்தால் மரக்கட்டை. ஆனால் ஒரு வித்தை கைவந்திருக்கிறது. மற்றவர்கள் குற்றத்தை மருத்துவ மொழியில் நீட்டி முழக்குவார்கள். இவர் சுவரில் சாய்ந்து, புருவத்தைச் சுருக்கி, "அதாவது இந்த ஆளு இதுக்காகவா இப்படிப் பண்ணான்?" என்கிற தொனியில் ஒரே வரி விடுவார். பார்க்கிறவன் மனதில் ஓடும் கேள்வி அதுதான். ரிச்சர்ட் பெல்ஸர் செய்த மன்ச் என்ற சக துப்பறிவாளர் பாத்திரத்தோடு காரில் உட்கார்ந்து பேசும் பழைய காட்சிகளைப் பாருங்கள். ஒருவர் சதிக்கதையாகக் கொட்டுவார், இன்னொருவர் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார். எந்த நடிப்புப் பள்ளியிலும் இந்த அலுப்பைச் சொல்லித்தர முடியாது.

இவருடைய சொத்து மதிப்பு எவ்வளவு?

அடுத்த கேள்வி.

சம்பளமாவது சொல்லுங்களேன், ஒரு எபிசோடுக்கு?

இணையத்தில் கிடைக்கிற அந்த எண்களை எழுதுகிறவர்கள் அவருடைய கணக்கரிடம் கேட்டு எழுதுவதில்லை. அடுத்தது.

கங்காருவாக நடித்தார் என்கிறார்கள், கிண்டலா நிஜமா?

நிஜம். 1995, 'டேங்க் கேர்ள்'. முகம் முழுக்க ஒப்பனை. அதே வருடம் கியானு ரீவ்ஸோடு 'ஜானி நிமோனிக்'. சில்லறைப் படங்கள் ஏராளம், தேடிப் பார்க்கத் தேவையில்லை.

நம்ம ஊர் ராப் பாடகர்கள் நடிகர்களானது பற்றி?

என் பேட்டை இல்லை. தெரிந்தவர்களைக் கேளுங்கள்.

பாடி கவுண்ட் இன்னும் இருக்கிறதா?

இருக்கிறது, நன்றாகவே. இழப்புகள் அதிகம். டிரம்மர் பீட்மாஸ்டர் வி ரத்தப் புற்றுநோயில் 1996இல் இறந்தார், பேஸ் வாசித்த மூஸ்மேன் 2001இல் சுட்டுக்கொல்லப்பட்டார், இன்னொரு கிட்டார் வாசித்த டி-ராக் 2004இல் புற்றுநோயில் போனார். ஐஸ்-டீயும் எர்னி சியும் விடவில்லை. 2021இல் சிறந்த மெட்டல் பாடலுக்கான கிராமி 'பம்-ரஷ்' பாட்டுக்குக் கிடைத்தது. அதைப் 'பழைய ராப் பாடகரின் விருது' என்று எழுதியவர்களை நினைத்தால் எனக்கு இன்னும் ரத்தம் கொதிக்கிறது.

தேதி, தேதி என்று சொல்லிக்கொண்டிருப்பவருக்கு ஒரே கேள்வி. 1991இல் ஒரு படத்தில் போலீஸ் வேஷம் என்பது வேறு. 2000க்கு அப்புறம் வாரா வாரம், வருஷக்கணக்காக, போலீஸை நல்லவர்களாகவே காட்டும் தொடரில் இருப்பது வேறு. இது தெரியவில்லையா?

இப்போதுதான் சரியான இடத்தில் கை வைத்தீர்கள். முதலிலேயே இப்படிக் கேட்டிருந்தால் பாதி நேரம் மிச்சமாகியிருக்கும். ஒரு படத்தில் பிரச்சினை இல்லை. கால் நூற்றாண்டு என்பது வேறுதான். தொடரில் தப்பு செய்யும் போலீஸ் எப்போதாவது வருவார், அந்த எபிசோடோடு போய்விடுவார், கதாநாயகர்கள் சுத்தமாகவே இருப்பார்கள். அதே மனிதர் 2017இலும் மேடையேறி, பாடி கவுண்டோடு போலீஸைப் பற்றிக் காரமாகப் பாடினார். பகலில் படப்பிடிப்பு, இரவில் அந்தப் பாட்டு. அவருக்கு இது முரணாகத் தெரியவில்லை. எனக்குச் சில நாள் தெரியும், சில நாள் தெரியாது.

எதிலிருந்து கேட்க ஆரம்பிக்கலாம் அண்ணா?

1991இல் வந்த 'ஓ.ஜி. ஒரிஜினல் கேங்ஸ்டர்'. முழு ஆல்பத்தையும் வரிசையாகக் கேளுங்கள் தம்பி, தாவாதீர்கள். நீளம்தான். ராப் பாட்டுகளுக்கு நடுவில் திடீரென்று கிட்டார் உறுமும். அதுதான் பாடி கவுண்டின் முதல் தலைகாட்டல். அட்டையில் ஐஸ் க்யூப் படம் இருந்தால் தப்பான ஆல்பம்.