திருவனந்தபுரம் போகும்போது: எல்லைக்கு இப்புறத்து வாசகர்களின் கேள்விகள்

களியக்காவிளையிலிருந்து முப்பது கிலோமீட்டரை ஒட்டிய தூரம்தான், பேச்சும் புரியும். அதனாலேயே நம்மவர்கள் பலர் எந்த ஏற்பாடும் இல்லாமல் கிளம்பிவிடுகிறார்கள்.

ரயில் இரவு 11 மணிக்குத்தான் தம்பானூர் (திருவனந்தபுரம் சென்ட்ரல் ஸ்டேஷன் இருக்கும் இடம்) சேரும். பெண்கள் இருவர் மட்டும். ஆட்டோவை நம்பலாமா? (நாகர்கோவில்)

நம்பலாம், மீட்டர் போடச் சொல்லி ஏறுங்கள். 2022 மே முதலான கட்டணப்படி முதல் ஒன்றரை கிலோமீட்டருக்கு 30 ரூபாய், அதற்குமேல் கிலோமீட்டருக்கு 15. இரவு 10 முதல் காலை 5 வரை இதில் பாதி கூடுதல். உதாரணத்துக்கு, அங்கிருந்து மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி ஆறேழு கிலோமீட்டர். இரவில் 150 முதல் 170 ரூபாய் கணக்கு வரும். ஏறுமுன் வண்டி எண்ணைப் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். தங்குமிடம் உறுதியாகவில்லை என்றால் நடுராத்திரியில் லாட்ஜ் தேடி அலைய வேண்டாம். ஸ்டேஷன் காத்திருப்பு அறையிலேயே விடியும்வரை இருங்கள். அவசரத்துக்கு 112, பெண்களுக்கான பிங்க் போலீஸ் 1515.

அப்பாவை முதல்முறை ஆர்.சி.சி.க்கு (மண்டலப் புற்றுநோய் மையம்) அழைத்துப் போகிறோம். என்னென்ன எடுக்க வேண்டும்? (மார்த்தாண்டம்)

பயாப்சி (சதைத் துணுக்குப் பரிசோதனை) அறிக்கைத் தாள் மட்டும் போதாது. பரிசோதனை செய்த லேபில் கேட்டு, கண்ணாடி ஸ்லைடுகளையும், சதைத் துணுக்கை மெழுகில் பதித்த பிளாக்கையும் வாங்கிக்கொள்ளுங்கள். அவை இல்லாவிட்டால் மறுபடி சதை எடுக்க வேண்டி வரலாம். வயதானவர் உடம்புக்கு அது வீண் வேதனை. பிளாக்கை வெயிலில் நிற்கும் காருக்குள் விடாதீர்கள், மெழுகு இளகிவிடும். ஸ்கேன் படங்கள், அவற்றின் சி.டி., ஊர் டாக்டரின் கடிதம், ஆதார், சாப்பிடும் மருந்துகளின் சீட்டு எல்லாவற்றையும் ஒரே பிளாஸ்டிக் உறையில் போடுங்கள்.

ஆர்.சி.சி., ஸ்ரீசித்திரா (இதய, நரம்பு ஆஸ்பத்திரி), மெடிக்கல் காலேஜ் மூன்றும் ஒரே வளாகம், ஆனால் பதிவு தனித்தனி. ஆட்டோக்காரரிடம் வெறுமனே "மெடிக்கல் காலேஜ்" என்று சொல்லி இறங்கினால், நோயாளியோடு தவறான வரிசையில் நிற்க நேரும். தமிழ்நாட்டுக் காப்பீட்டு அட்டை அங்கே செல்லுமா என்பதைக் கிளம்புமுன்பே கேட்டு உறுதி செய்யுங்கள். சிகிச்சை தொடங்கியதும் ஆஸ்பத்திரியில் ரயில் சலுகைச் சான்று கேளுங்கள்: ஸ்லீப்பரிலும் மூன்றாம் ஏ.சி.யிலும் புற்றுநோயாளிக்கு முழுச் சலுகை, துணைக்கு வருபவருக்கு 75 சதவீதம்.

ஹர்த்தால் (முழு அடைப்பு) அன்று மாட்டிக்கொண்டால்? (செங்கோட்டை)

பெரும்பாலும் காலை 6 முதல் மாலை 6 வரைதான். பஸ்ஸும் கடையும் இருக்காது. ரயில் பொதுவாக ஓடும். ஆஸ்பத்திரி நாள் என்றால் முந்தின இரவே போய்ச் சேர்ந்துவிடுங்கள்.

பத்மநாபசுவாமி கோவிலில் பேன்ட், சுடிதார் விடுவார்களா? (தக்கலை)

ஆண்களுக்கு வேட்டி மட்டும், சட்டையோ பனியனோ கூடாது. பெண்கள் சேலை உடுத்தலாம். சுடிதார் என்றால் அதன்மேல் இடுப்பில் ஒரு முண்டு (வேட்டி) சுற்ற வேண்டும். போனை வெளியே கொடுத்துவிட்டுப் போவதால், உள்ளே குடும்பம் பிரிந்தால் அழைக்க வழியில்லை. பத்மதீர்த்தக் குளக்கரையில் ஓர் இடத்தைக் காட்டி, "தொலைந்தால் இங்கே வா" என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

கோவளத்தில் பிள்ளைகளைக் குளிக்க விடலாமா? (குழித்துறை)

ஜூன் முதல் செப்டம்பர் வரை வேண்டாம். மற்ற மாதங்களிலும் சிவப்புக் கொடி நின்றால் கால்கூட நனைக்க வேண்டாம்.

ஆளைக் கொல்வது பெரும்பாலும் பெரிய அலை அல்ல. கரையில் நின்று ஐந்து நிமிடம் பாருங்கள். இருபக்கமும் அலை வெள்ளையாக உடையும். நடுவில் ஒரு பட்டை மட்டும் அலையில்லாமல், சற்றுக் கருத்து, அமைதியாகத் தெரியும். நுரையும் கலங்கிய மணலும் அதன் வழியே கடலுக்குள் போகும். அதுதான் இழுப்பு, ஆளைக் கடலுக்குள் கொண்டுபோகும் நீரோட்டம். "இங்கே அலை இல்லை" என்று பிள்ளையை இறக்குவது சரியாக அந்த இடத்தில்தான்.

மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி நீந்தக் கூடாது; எதிர்த்து நீந்தித் தளர்ந்துதான் மூழ்குகிறார்கள். மிதந்துகொண்டே கையைத் தூக்கிக் காட்டுங்கள். தெம்பு இருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அலை உடையும் இடம் வந்தபின் கரைக்குத் திரும்புங்கள். கரையில் நிற்பவர் பின்னால் குதிக்கவே கூடாது. மூடிபோட்ட காலி தண்ணீர் கேனை வீசிவிட்டு, உயிர்காப்பாளரைக் கூப்பிடுங்கள்.

கள்ளக்கடல் எச்சரிக்கை வந்த நாளில் மணலில்கூட உட்கார வேண்டாம். தெற்கே வெகுதூரத்துப் புயல்கள் எழுப்பும் அலை அது. இங்கே காற்றும் மழையும் இல்லாமலே திடீரெனக் கரையேறும்.

தம்பானூரில் மழைத்தண்ணீர் தேங்கினால் நடந்து போகலாமா? (களியக்காவிளை)

நில்லுங்கள், வடியட்டும். கலங்கல் தண்ணீருக்கடியில் ஓடையின் சிலாப் பெயர்ந்திருந்தால் தெரியாது. இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால் குடைக்கம்பால் தரையைத் தட்டிப் பார்த்து அடியெடுங்கள். காலில் புண் இருந்தால் எலிக்காய்ச்சல் தொற்றலாம். வீடு வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அடுத்த மூன்று நான்கு வாரத்துக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிச் சமாளிக்காமல், தண்ணீரில் நடந்ததை டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.